பயிற்சிக்கு ஒரு வீடு

பல்கலைக்கழகத்தில் புதிதாக நியமனம் பெற்ற விரிவுரையாளர்கள் பதவியில் நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு பயிற்சி நெறியை முடித்தாக வேண்டும். கற்பிக்கும் முறை, வினாத்தாள் தயாரிப்பது, ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பிப்பது, கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்புவது என்று சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக நடக்கும். அதில் கள நேர்காணல் என்னுடைய பாடம். ஓய்வு பெறுவதற்கு முன்பே அது என் கையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் நான் அதை விடவில்லை. பயிற்சி நிலையமும் என்னை விடவில்லை, ஏனென்றால் அதற்கு வேறு ஆள் தேடுவது அவர்களுக்கு ஒரு வேலை.

வருகிறவர்கள் எல்லோரும் களைத்துப்போய்த்தான் வருவார்கள். வாரம் முழுக்க வகுப்பு எடுத்துவிட்டு, விடைத்தாளும் கையுமாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பௌதிகவியல், கணக்கியல், விவசாயம் என்று எல்லாத் துறைகளிலும் இருந்து வருவார்கள். வாழ்நாளில் ஒருவரிடமும் நேர்காணல் செய்யப்போகாதவர்களும் இருப்பார்கள். நானும் களைத்துத்தான் இருந்தேன். அதே பேச்சு, அதே படங்கள், அதே இடத்தில் அதே சிரிப்பு. காலையில் குளிரூட்டிய மண்டபத்தில் பேசுவேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போவேன்.

என் பாடத்தில் ஒரு விதி மட்டும் பயிற்சி நிலையத்தில் பிரபலமாகியிருந்தது. தேத்தண்ணி குடித்த பிறகுதான் முதல் கேள்வி.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யார் வந்தாலும் உட்காரச் சொல்வார்கள், அடுப்பில் கேத்தலை வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிறவர் உத்தியோகக்காரர், கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். வாங்கிக் குடிக்கிறவர் வீட்டு ஆள் மாதிரி. குடித்தவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டுக்கு வழக்கமில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் சித்தி வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. என் அப்பா பஜாரில் கடை வைத்திருந்தார். அம்மா லயத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அம்மாவின் தங்கை தோட்டத்திலேயே இருந்துவிட்டார். லீவு நாட்களில் நான் அங்கே போவேன், தின்பேன், தூங்குவேன். பிறகு படித்தேன், பேராசிரியரானேன். அந்த வீட்டின் மரியாதையை ஒரு உத்தியாக மாற்றி, பெரிய எழுத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். விரிவுரையாளர்கள் சிரித்துக்கொண்டே அதைக் குறித்துக்கொள்வார்கள்.

பஸ் போகும் தோட்டம் அதேதான். சித்தி காலமாகிவிட்டார். அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி முறை, அதே ஓரறை லயக் காம்பராவில் புருஷனோடு இருக்கிறாள். பிள்ளைகள் கொழும்பில் வேலை. அவள் கொழுந்து பறிக்கிறவள், புருஷன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்.

முதல் தடவை அவளிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. மறக்க வழியில்லை. கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன்.

"என் கூட வேலை பாக்கிற ஆளுங்க கொஞ்சப் பேரு வருவாங்க. வீட்டப் பத்தி, வேலையப் பத்திக் கேப்பாங்க. சொல்லு" என்றேன்.

"எதுக்குண்ணே?"

"யுனிவர்சிட்டில எழுதி வைக்கத்தான்."

"அப்ப நல்லதுதானே. வரச் சொல்லுங்க. எத்தன பேருன்னு மட்டும் முன்னுக்கே சொல்லிப்புடுங்க, சீனி வாங்கி வைக்கணும்."

நான் சொன்னது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர்கள் பல்கலைக்கழகத்தவர்கள். எழுதினார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். தோட்டத் தலைவரிடமும் சொன்னேன். இவ்வளவும் செய்தவனுக்கு, இது வெறும் பயிற்சி, நீ சொல்வதை யாரும் எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை என்று தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் பேச்சு பேச்சாக இருக்காது, விளையாட்டாகிவிடும், பயிற்சி கெட்டுவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதைவிட உண்மையான காரணம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் நான் பெரிய ஆளாக இருந்தேன். அண்ணன் யுனிவர்சிட்டியிலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்ற பெருமை அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

வேலை நடக்கும் விதம் இதுதான். இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் கவனிப்பார். நான் வாசலில் நின்று புள்ளி போடுவேன். எப்படி உட்கார்ந்தார், இடையில் குறுக்கிட்டாரா, அடுத்த கேள்வி முந்திய பதிலிலிருந்து வந்ததா, மௌனத்தைப் பொறுத்துக்கொண்டாரா. புள்ளி எல்லாம் கேள்விக்குத்தான். பதிலுக்குப் புள்ளி கிடையாது. பதில் என்னவாக இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். மறுவாரக் கலந்துரையாடல் முடிந்ததும் அந்தத் தாள்களுக்கு வேலை இல்லை. சிலர் பஸ்ஸிலேயே அதை மடித்து விசிறிக்கொள்வார்கள்.

தங்கச்சிக்குச் சிங்களம் நன்றாக வரும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள், ஆகவே அவள் வீட்டுக்குத்தான் கிராக்கி. ஒரு தடவை ஒரு கணக்கியல் விரிவுரையாளர், தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தங்களது வசிப்பிடம் குறித்த தங்களது திருப்தி எந்த மட்டத்தில் உள்ளது என்று பாடப்புத்தகச் சிங்களத்தில் கேட்டார். தங்கச்சி பக்கத்துக் காம்பராப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாடி கேக்குறாரு இந்த மாத்தயா?"

"வூடு புடிச்சிருக்கான்னு கேக்குறாருக்கா."

"புடிச்சிருக்கு, புடிச்சிருக்குன்னு சொல்லு. செவருதான் எங்கள வுட்டுட்டுப் போகப் பாக்குது."

பிறகு அவளே அதைச் சிங்களத்தில் அவருக்குச் சொன்னாள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் தாளில் 'மௌனத்தைப் பொறுத்துக்கொண்டார்' என்று எழுதினேன்.

சுவர் விஷயம் விளையாட்டில்லை. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. ஒரு மழைக்காலத்தில் மண் இறங்கி, பின்பக்கத் தண்ணீர்க் கான் நிரம்பி, அவள் அடுப்படிச் சுவரில் கை போகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். எங்கே குடியிருப்பது என்று சொல்லவில்லை. அதன் பிறகு மழை பிடித்தால் அந்த லயமே பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். விட்டதும் திரும்பி வரும். வெடிப்பில் சீமேந்து பூசுவார்கள். அடுத்த மழையில் அது பக்கத்தில் இன்னொரு இடத்தில் விடும்.

எல்லாக் குழுக்களுக்கும் அவள் இதைச் சொன்னாள். போகப் போக நன்றாகச் சொன்னாள். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எப்போது எழுந்துபோய்ச் சுவரைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு தடவை சொல்லிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள்; கேட்ட பெண் விரிவுரையாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் அதைப் பல மாதம் பேசினாள். "அந்த மிஸ் நல்லா எழுதியிருப்பாங்கண்ணே, இல்லியா?" என்று கேட்டாள். "எழுதியிருப்பாங்க" என்றேன். வகுப்பில், செழிப்பான தகவல் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு அவளைத்தான் உதாரணம் காட்டினேன்.

பிறகு ஆய்வு நெறிமுறை என்ற பாடம் வலுவாக வந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் யாரிடமும் ஒன்றும் கேட்கக் கூடாது. சரியான விதிதான். நானும் மும்மொழியில் படிவம் அடித்து, விரிவுரையாளர்களிடம் கொடுத்து, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கப் பழக்கினேன். தங்கள் பங்களிப்பு தன்னார்வமானது, எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. பயிற்சி என்ற சொல் இல்லை. நான் அதைச் சேர்க்கவில்லை. தோட்டத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றால் ஒன்று கொடுக்கிறார்கள் அல்லது ஒன்றைப் பிடுங்குகிறார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. லீவுக்கெல்லாம் அங்கே கிடந்தவன் நான். அந்தப் படிவம் வந்த பிறகு தங்கச்சியின் முகம் தெளிந்ததைக் கண்டேன். நெறிமுறை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், கீழ் டிவிசனில், ஆபத்தான லயங்களில் இருப்பவர்களுக்குத் தனி வீடு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு இரண்டு மழைக்காலமாக இருந்தது. பேச்சு உண்மையாகி, பேர் கொடுக்கச் சொல்லித் தோட்ட அலுவலகத்தில் அறிவித்தபோது நான் பஜாரில் என் வீட்டில் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் கடைசிக் குழு போனது. அதில் புவியியல் துறையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், எம்பிலிப்பிட்டிய பக்கத்துச் சிங்களப் பெண். அதிகம் பேசாதவர். தங்கச்சி வீடு அவருக்குக் கிடைத்தது. அன்று நான் வேறு காம்பராவின் வாசலில் நின்றிருந்தேன்.

மறுவாரம் மண்டபத்தில் கலந்துரையாடல். ஒவ்வொருவராகத் தாங்கள் கேட்டதையும் கேட்கத் தவறியதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் முறை வந்தது. சிங்களத்தில்தான் பேசினார்.

"சார், அந்த அக்கா புது வீட்டுக்குப் பேர் கொடுக்கவில்லையாம். லயத்தில் மற்ற எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். எங்களை யுனிவர்சிட்டியில் ஏற்கெனவே பதிந்திருக்கிறார்கள், அண்ணன்தான் செய்தார், கையெழுத்தும் வைத்திருக்கிறோம் என்றார். இரண்டு இடத்தில் பேர் இருந்தால் இரண்டையும் வெட்டிவிடுவார்களாம். கூரைத் தகரம் கொடுத்தபோது அப்படித்தான் ஒருவருக்கு நடந்ததாம். மாதக் கடைசி வரை பேர் எடுப்பார்களாம். ஆனாலும் கொடுக்க மாட்டேன் என்றார்." பிறகு, "அது எந்தத் திட்டம் சார்? யுனிவர்சிட்டியில் வீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி நிலையத்தின் பணிப்பாளர் கதவருகில் நின்றார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"நல்ல இடம். இங்கேதான் நீங்கள் தொடர் கேள்வி கேட்டிருக்க வேண்டும். பதிந்திருக்கிறார்கள் என்று சொல்கிறீர்களே, யார் பதிந்தார்கள், எப்போது என்று. பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்துவிட்டீர்கள்."

அவர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு புள்ளி குறைத்தேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் போன் எடுத்தேன். எடுத்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தேன். போனில் இதை எப்படிச் சொல்வது, நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஞாயிறன்று மழை. திங்கள் முதல் ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை மதிப்பீடு. புருஷன் விவரமானவர், அவராவது பேரைக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புவியியல் பெண் ஒரு நாள் போன் பண்ணினார். "பிறகு என்ன ஆச்சு சார், அந்த அக்கா வீட்டு விஷயம்?" என்றார். "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். நான் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மாதம் முடிந்தது. முடிந்த பிறகுதான் கால் எழும்பியது. தவறை ஒப்புக்கொள்ளப் போகிறவன், ஒப்புக்கொண்டு பயனில்லாத நாள் வரும்வரை எப்படியோ பொறுத்திருந்துவிடுகிறான். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

நான் போனபோது அவள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். புருஷன் இஸ்தோப்பில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். பஸ்ஸ காணோம்? தனியாவா வந்தீங்க?" என்றார்.

"தனியாத்தான்."

தங்கச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆளுங்க இல்லியா? இன்னைக்கு நான் சீனி கூட வாங்கல."

உட்கார்ந்தேன். கேத்தல் வைக்கிற சத்தம் கேட்டது. தேத்தண்ணி வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. குடித்துவிட்டால் வராது.

"அடுப்ப வுட்டுட்டு இங்க வா. ஒண்ணு சொல்லணும்."

வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் சொன்னேன். யுனிவர்சிட்டியில் வீட்டுத் திட்டம் இல்லை, எந்தப் பதிவும் இல்லை, வந்தவர்கள் எழுதியது எங்கேயும் போகவில்லை.

"அப்ப இத்தன பேரு எதுக்கு வந்தாங்க?"

"கேள்வி கேக்கப் படிக்கிறதுக்கு. பயிற்சி."

புருஷன் சிரித்துவிட்டார். "அவ்வளவு படிச்சவங்களுக்கு கேள்வி கேக்கத் தெரியாதா மச்சான்? நல்லாருக்கே கத. அந்தக் கணக்கு மாத்தயாவப் பாத்தப்பவே நான் நெனச்சேன், இவரு ஸ்கூல் புள்ள மாதிரி கேக்குறாரேன்னு."

அவள் சிரிக்கவில்லை. "கையெழுத்து?"

"அதும் பயிற்சிதான்."

"நான் அழுதது?"

புருஷனின் சிரிப்பு நின்றது. அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன். பேரக் குடுத்துட்டு வருவோம்னு" என்றார். "அண்ணனுக்கு அவமானமாயிரும்னு நீதான் புடிச்ச புடியில நின்ன."

"பேசாம இருங்க."

"இல்ல, மச்சானுக்கும் தெரியட்டும். பக்கத்து வூட்டுக்காரி கூப்புட்டா, வா போவோம்னு. இவ சொல்றா, நாங்க ரெண்டு எடத்துல குடுத்தா எங்கண்ணன் போட்டதும் வெட்டுப்பட்டுரும், அவரு மொகத்துல எப்புடி முழிக்கிறதுன்னு."

கேத்தலில் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் விழுந்தது. அவள் உள்ளே போனாள். தேத்தண்ணி போட்டுக்கொண்டுதான் வந்தாள். எனக்கு முன்னால் வைத்தாள். சீனி இல்லாமல், உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. கோபத்தில் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"குடிங்கண்ணே, ஆறிரும்" என்றாள். பிறகு, "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வாங்க. நீங்களே வந்து கேளுங்க. நீங்க சொன்னா சேப்பாங்க" என்றாள்.

போனேன். புருஷனும் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார். எழுதுவினைஞர் பேர் எடுத்து முடிந்துவிட்டது என்றார். பேராசிரியர் என்று சொன்னேன். ஆகவே துரையைப் பார்க்க விட்டார்கள். வெளியே மர வாங்கில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். துரை சின்ன வயதுக்காரர், எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். என் பாடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் தோட்டம் எப்போதும் திறந்திருக்கிறது என்றார். வீடு விஷயம் தன் கையில் இல்லை, பேர்கள் மேலே போய்விட்டன, அடுத்த கட்டத்தில் கட்டாயம் பார்ப்போம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அது பொய்யில்லை, உண்மையாகவே தெரியவில்லை. வெளியே வந்ததும் புருஷன், "அவரு ஒங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தாரு பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார்.

பிறகும் அலைந்தேன். பிரதேச செயலகம், கிராம சேவகர், எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர், அவருக்குத் தெரிந்த ஒரு உத்தியோகத்தர். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். மழைக்காலத்தில் என் வீட்டில் வந்து இருங்கள் என்று தங்கச்சியைக் கூப்பிட்டேன். ஒரு தடவை வந்தார்கள். புருஷனுக்குத் தொழிற்சாலைக்கு விடிய பஸ் இல்லை. பெரட்டுக்குப் போகாவிட்டால் அவளுக்கும் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். என் வீட்டில் அவர்கள் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சில நாளில் போய்விட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடுகள் எழும்பின. லயத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. காலிக் காம்பராக்களின் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். அதனால் இப்போது ஒதுக்குப்புறத்தில் அவர்கள் காம்பராவும் இன்னும் சிலரும்தான்.

பயிற்சி நிலையத்தின் பணிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர். "சம்மதப் படிவம் இருக்கிறதே சார், அப்புறம் நம் மேல் என்ன குற்றம்?" என்றார். பிறகு, "உங்கள் பகுதிக்குத்தான் மதிப்பீட்டில் எப்போதும் நல்ல கருத்து வருகிறது. வேறு தோட்டத்துக்குப் போகலாமே" என்றார். நான் போகவில்லை. அடுத்த குழுவை மண்டபத்திலேயே வைத்து, ஒருவரை ஒருவர் கேளுங்கள் என்றேன். உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதற்குக் கவலைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் கையை உயர்த்தி, "இது எதற்கு சார்? இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். களைப்பாக இருந்தது. அந்தக் குழுவின் மதிப்பீட்டில் களப்பயணம் இல்லாதது குறை என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவது குறைந்தது.

இந்த ஆண்டு மழை முந்திவிட்டது. பகலிலேயே இருட்டிக்கொண்டு பெய்தது. தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, நாங்க ஸ்கூலுக்குப் போறோம். தார்ப்பாய் ஒண்ணு இருந்தா குடுத்தனுப்புங்க. ஜன்னல் பக்கம் தெறிக்குது."

கொடுத்தனுப்பவில்லை, நானே ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். பாதி வழியில் மண் விழுந்திருந்ததால் இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை போட்டிருந்தார்கள். அந்த லயத்தில் மிச்சமிருந்தவர்களும், மேட்டு லயத்துக்காரர்களும் இருந்தார்கள். புருஷன் கரும்பலகைக்குக் கீழே பீடியை மறைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வாலிபர், நனைந்த சட்டையோடு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஃபைலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சிங்களத்தில் பேர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எல்லோரும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் வந்து, "குடும்பத் தலைவர் பேர்?" என்றார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, குடுக்கவா?"

புருஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் அவள் என்னிடம் கேட்டது எனக்குத் தாங்க முடியவில்லை. குடு என்று சொல்வது லேசு. நான் எழுந்து அந்த வாலிபரிடம் போனேன். எதற்காக எழுதுகிறீர்கள், இது எங்கே போகும், இதில் பேர் இருந்தால் வேறு எதிலாவது வெட்டுப்படுமா என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்தது. வெளியே இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது போல.

"சாப்பாட்டுப் பார்சலுக்கு சார். இன்றைக்கு ராத்திரிக்கும் நாளைக்குக் காலைக்கும். எத்தனை பார்சல் என்று தெரிய வேண்டும். வேறு ஒன்றுக்கும் இல்லை."

"வீட்டுக்கு இல்லையே?"

"வீட்டுக்கு எல்லாம் நான் எழுத முடியுமா சார்?"

திரும்பி வந்து அவளிடம் அதை அப்படியே சொன்னேன். சாப்பாட்டுக்குத்தான், இன்றைக்கும் நாளைக் காலைக்கும் மட்டும், வீட்டுக்கு இல்லை, இதனால் எதுவும் வெட்டுப்படாது என்றேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

"வூட்டுக்கு இல்லியா?" என்றாள்.

"இல்ல."

பிறகு அந்த வாலிபரிடம் புருஷன் பேரைச் சொன்னாள், தன் பேரைச் சொன்னாள். "இவரு?" என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவரு டவுன்காரரு. வூட்டுக்குப் போயிருவாரு" என்றாள்.

நான் தார்ப்பாயின் மற்ற மூலையைக் கட்டினேன். மழை விட்டபாடில்லை.